இந்த ஊரில் காலிப் பள்ளம் இல்லை

பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர், குளியலறைக்கு டைல்ஸ் மாற்றுகிறவர், மாடியில் ஓர் அறை எடுக்கிறவர் என்று சென்னையில் எல்லோருக்கும் ஒரே பதில் போதுமானதாக இருக்கிறது. "இந்த ரப்பிஷ் எல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டால், "அதை விடுங்க சார், பசங்க ஏதாவது பள்ளத்துல போட்டுருவாங்க" என்பார் காண்ட்ராக்டர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். சிமென்ட் எந்தக் கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம். என்று பத்துப் பேரிடம் விசாரித்தவர்கூட இதைப் பற்றி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஊரே ஒப்புக்கொண்ட ஓர் எண்ணம் இருக்கிறது. இடிபாடு என்பது மண்ணும் கல்லும்தான், அதனால் கெடுதல் இல்லை. பள்ளம் மேடானால் எல்லோருக்கும் நல்லது. அதற்கென்று இரும்புத் தொட்டி வாடகைக்கு எடுப்பதும், எடை போட்டுப் பணம் கட்டுவதும் நமக்குத் தேவையில்லாத செலவு. இந்த எண்ணத்தின் ஒவ்வொரு வரியும் தவறு. அந்தத் தவறுக்கான விலையைக் கொடுப்பவர்கள் வீடு கட்டுகிறவர்கள் அல்லர்; மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்கள்.

முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். இடிபாடு மண்தானா? ஒரு குளியலறையை உடைத்த பிறகு வாசலில் அடுக்கிவைக்கும் சாக்குகளில் ஒன்றை அவிழ்த்துப் பாருங்கள். முதுகில் இரண்டங்குலச் சிமென்ட் ஒட்டிய டைல்ஸ் துண்டுகள் மேலே இருக்கும். அதன் கீழே பி.வி.சி. பைப் முனைகள், வாட்டர் ப்ரூஃபிங் பூசிய காரைப் பாளங்கள், உடைந்த வாஷ்பேசின், ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை, காலி பெயின்ட் டப்பா, தெர்மாகோல், வேலையாட்கள் சாப்பிட்டுப் போட்ட பொட்டலக் காகிதம். செம்மண் என்று சொல்ல அதில் ஒரு கைப்பிடி இருக்காது. பழைய வீடாக இருந்தால் சுவரின் பெயின்ட்டில் ஈயமும் இருக்கும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவர்கள்தான் இன்று இடிபடுகின்றன. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். முழு ஷீட்டாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. சம்மட்டியால் அடித்து நொறுக்கும்போதுதான் நுண்ணிழைகள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் அதை உடைப்பவர் ஒரு சித்தாள்.

ஜிப்சம் பலகை பார்ப்பதற்குச் சாதுவான வெள்ளைத் தூள். அதைக் குப்பையோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஈரத்தில் புதைத்தால், பாக்டீரியாக்கள் அதிலுள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் நச்சு வாயு அது. இதனால்தான் பிரிட்டனில் ஜிப்சம் கழிவை மக்கும் குப்பையோடு சேர்த்துப் புதைக்க அனுமதியில்லை. நாம் செய்வதோ அதற்கு நேர் எதிர். குப்பை கொட்டிய சதுப்பின் மேலேயே இடிபாட்டைப் பரப்பி, "மூடியாச்சு" என்கிறோம்.

இரண்டாவது வரி பள்ளம் பற்றியது. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். சென்னையைப் போன்ற தட்டையான கடலோர ஊரில் காலிப் பள்ளம் என்று எதுவும் கிடையாது. பள்ளம் என்று நாம் கைகாட்டும் ஒவ்வோர் இடமும் ஏரி, தாங்கல், கால்வாய், சதுப்பு, இல்லையென்றால் மழைநீர் தங்கிப்போகும் தாழ்நிலம். பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு அது. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். 2022-இல் அதற்குச் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பட்டியலில் ஏறியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். மிச்சம் எங்கே போயிற்று? கட்டடமும் சாலையும் குப்பைமேடும் ஆயிற்று. அந்த நிலமாற்றத்தில் முதல் அடி பெரும்பாலும் இடிபாட்டு லோடுதான். தண்ணீர் நிற்கும் இடத்தை நடக்கும் இடமாக்க அதைவிட மலிவான வழி இல்லை. இரவில் நாலு லோடு, அடுத்த வாரம் நாலு லோடு. ஒரு வருஷத்தில் மனை தயார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பெரும்பாக்கமும் பட்ட பாடும் பழங்கதை அல்ல. வெள்ளத்துக்கு இடிபாடு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மழையின் அளவும் ஏரித் திறப்பும் வடிகால்களின் போதாமையும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் துண்டைப் போட்டால், அந்த அளவுத் தண்ணீர் வேறெங்காவது போயே தீர வேண்டும். அது யாருடைய வீடு என்பதுதான் கேள்வி.

"சரி, சதுப்பில் போட வேண்டாம், கைவிட்ட கல்குவாரிக் குழிகள் இருக்கின்றனவே, அவற்றை நிரப்பலாமே?" என்பார்கள். நியாயமான யோசனை போலத்தான் தெரியும். ஆனால் 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்த இடங்களில் ஒன்று மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குழிகள். ஏரிகள் வறண்டு கிடந்தபோது அந்தக் குழிகளில் நின்ற மழைநீரைச் சுத்திகரித்துத்தான் குடிநீர் வாரியம் ஊருக்கு விட்டது. யாரோ உதவாக்கரைப் பள்ளம் என்று நினைத்த இடம் நமக்குச் சொம்புத் தண்ணீர் தந்தது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் பெயின்ட் டப்பாவும் கிடந்திருந்தால்?

கடைக்கால் நிரப்புவதற்குச் செங்கல் உடைசல் ஆகும், அதை மேஸ்திரிகள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்கான மேஸ்திரி எப்படி நிரப்புவார் என்பதையும் பாருங்கள். கட்டை, பிளாஸ்டிக், துணி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, பெரிய பாளங்களை உடைத்து, அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குவார். அப்படிச் செய்யாத அடித்தளம் இரண்டு மழையில் இறங்கும், தரை டைல்ஸ் வெடிக்கும், படிக்கட்டு சுவரைவிட்டு விலகும். கடைக்கால் நிரப்புவது பிரித்தெடுத்த பொருளால் செய்யும் வேலை. லாரியைக் கவிழ்த்துவிட்டு ஓடுவதற்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். பிரச்சினையின் முடிச்சு வண்டியில்தான் இருக்கிறது. நம் தெருக்களில் இடிபாடு அள்ளுவது பெரும்பாலும் குட்டியானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ். வழக்கமான குட்டியானை ஏற்ற வேண்டிய பாரம் ஏறத்தாழ 750 கிலோ. உடைத்த கான்கிரீட்டும் செங்கல்லும் கலந்த குவியல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 டன் இருக்கும். ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி, நாலு டன்னை எட்டும். வண்டியின் பெட்டியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாலே ஒரு டன்னைத் தாண்டிவிடும். நம்மவர்கள் விளிம்போடு நிறுத்துவதில்லை. கூம்பாக ஏற்றி, மேலே ஒரு சாக்கைப் போட்டு அனுப்புகிறோம்.

அந்த ஓட்டுநரின் நிலையில் நின்று பாருங்கள். அவருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறது. டன்னுக்கு அல்ல, தூரத்துக்கும் அல்ல. மாநகராட்சியின் இடிபாட்டுச் செயலாக்க நிலையங்கள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 400 டன் கையாளும் திறனில் அமைக்கப்பட்டவை. அண்ணா நகரிலிருந்தோ வளசரவாக்கத்திலிருந்தோ பாரம் தாங்காமல் தள்ளாடும் வண்டியைப் பெருங்குடிவரை ஓட்டினால், டயர் வெடிக்கலாம், போலீஸ் நிறுத்தலாம், அரை நாள் போகும். பக்கத்துக் கால்வாய்க் கரையில் கொட்டினால் அதே நேரத்தில் மூன்று நடை அடிக்கலாம். நாம் கொடுக்கும் கூலியே அவரை அருகிலுள்ள நீர்நிலைக்குத்தான் போகச் சொல்கிறது. கொட்டியவரை மட்டும் பிடித்து அபராதம் போட்டுவிட்டு, கூலி பேசியவரையும் இடித்தவரையும் விட்டுவிடுகிறோம்.

கனமான கழிவுக்கென்று தொட்டி வாடகைக்கு எடுக்கும் முறை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. பிரிட்டனில் அதை ஸ்கிப் என்கிறார்கள். மேலே திறந்த, பக்கச் சரிவுள்ள இரும்புத் தொட்டி. வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். நிரம்பியதும் இரண்டு இரும்புக் கைகளுள்ள லாரி வந்து, சங்கிலி மாட்டித் தூக்கிக்கொண்டு உரிமம் பெற்ற நிலையத்துக்குப் போகும். அங்கே கான்கிரீட், கல், மண் போன்ற கனமான கழிவுக்குப் பொதுவாக எட்டு கன கஜம், அதாவது ஆறு கன மீட்டர், தொட்டிக்கு மேல் தர மாட்டார்கள். பெரிய தொட்டிகள் மரம், அட்டை, பிளாஸ்டிக் போன்ற லேசான சாமானுக்கு மட்டும். பெரிய தொட்டியில் கான்கிரீட்டை நிரப்பினால் லாரியால் தூக்க முடியாது என்பதுதான் காரணம். விளிம்புக்கு மேல் குவித்தால் தொட்டியை எடுக்கவே மாட்டார்கள். பொதுச்சாலையில் வைப்பதென்றால் உள்ளாட்சியிடம் அனுமதியும், இரவில் எரியும் எச்சரிக்கை விளக்கும் வேண்டும். கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதற்குக் கையெழுத்திட்ட சீட்டும் இருக்க வேண்டும்.

இது ஒரு பணக்கார நாட்டின் சொகுசு என்று தோன்றலாம். அங்கே இதை வளர்த்தது சொகுசு அல்ல, கட்டணம். 1996-இல் பிரிட்டன் குப்பை புதைப்பதற்கு டன்கணக்கில் வரி போட்டது. கல், மண் போன்ற வினைபுரியாத கழிவுக்குக் குறைந்த வரி, மற்றவற்றுக்குக் கூடுதல் வரி. அதன் பிறகு, கலந்து கொட்டினால் செலவு அதிகம், பிரித்துக் கொட்டினால் குறைவு என்று ஆயிற்று. அங்கேயும் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவர்கள் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இடிபாடு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது இடித்தவரின் சட்டப் பொறுப்பு. "யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்" என்ற பதில் அங்கே செல்லாது.

இங்கேயும் செல்லாது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மத்திய அரசின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் 2016 மார்ச்சிலேயே வந்துவிட்டன. ஒரு நாளைக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவு உண்டாக்குகிறவர்கள் அதை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் சின்ன வீடு, எங்களுக்கு விதி இல்லை" என்கிறார்கள். அதே விதிகளில் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பும், அது போக்குவரத்தையும் வடிகாலையும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவர் மீதும் இருக்கின்றன. அந்த 2016 விதிகளுக்குப் பதிலாக 2025-இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறிக்கின்றன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களின் பொறுப்பை அவை இன்னும் இறுக்குகின்றன. பெரியவர்களைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். சின்ன வேலைகளின் கூட்டுத்தொகை யார் கணக்கில் வரும்?

சின்ன வேலை சின்னது அல்ல. வீடு இடிக்கும்போது சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ கழிவு வரும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பான டைஃபாக் போட்ட மதிப்பீடு. 600 சதுர அடித் தரைத்தள வீட்டுக்கு இதைப் பொருத்தினால் ஏறத்தாழ 17 முதல் 28 டன். விதிப்படி பாரம் ஏற்றினால் குட்டியானைக்கு இருபத்திரண்டு நடைக்குக் குறையாது, நாற்பதைக்கூட நெருங்கலாம். தொட்டி தூக்கும் லாரிக்கு நாலைந்து நடை போதும். ஒரு தெருவில் நாலு வீடு இடிந்தால் நூறு டன்னை எட்டிவிடலாம்.

அடுத்த மறுப்பு செலவு. "வீடு கட்டுவதற்கே கடன், இதில் ரப்பிஷுக்கும் தனியாக அழ வேண்டுமா?" நடுத்தரக் குடும்பத்தின் இந்த ஆதங்கத்தை அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது என்ன நடக்கிறது? தேக்கு நிலை, ஜன்னல், உத்தரம், இரும்புக் கம்பி, நல்ல செங்கல் எல்லாவற்றுக்கும் விலை பேசுகிறோம். இடிக்கும் காண்ட்ராக்டரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து எடுக்கும் வழக்கமும் உண்டு. அதாவது வீட்டில் விலைபோகும் பாகத்தின் பணம் நம் பைக்கு வருகிறது, விலைபோகாத பாகம் ஊரின் தலையில் விழுகிறது. தேக்கு விற்ற பணத்தில் ஒரு பங்கை ரப்பிஷுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பது அநியாயம் ஆகாது. பூஜைக்கும் கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்கும் இடமுள்ள எஸ்டிமேட்டில் இதற்கும் ஒரு வரி இருக்க முடியும்.

"வரி வாங்குகிற கார்ப்பரேஷன் அள்ளட்டும்" என்பது இன்னொரு பதில். வீட்டுக் குப்பையை அள்ளும் கம்பாக்டர் லாரி அதை அமுக்கிச் சுருக்கும். கான்கிரீட்டை அமுக்க முடியாது. போட்டால் வண்டிதான் பழுதாகும். இது தனி வண்டி, தனித் தொட்டி, தனி நிலையம் கேட்கும் வேலை. என் வீட்டை இடித்துக் கட்டும் செலவை, வாடகை வீட்டில் குடியிருந்து வரி கட்டுகிறவரும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆனால் மாநகராட்சிக்கும் இதில் கடமை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஊரின் இரு ஓரங்களில் நிலையத்தை வைத்துவிட்டு, நடுவில் இருப்பவரிடம் "கொண்டுவந்து கொடு" என்றால் அது நடக்காது. வட்டத்துக்கு வட்டம் இடிபாட்டுத் தொட்டி வேண்டும். பத்துச் சாக்கு வைத்திருப்பவர் நடந்துபோய்ப் போடும் தூரத்தில் அது இருக்க வேண்டும். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்தால், என்றைக்குத் தொட்டி வரும், எவ்வளவு கட்டணம் என்று அப்போதே சொல்ல வேண்டும்.

"நம் தெருவில் தொட்டி வைக்க எங்கே இடம்?" என்று கேட்பவர்கள், மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்று எது இடத்தை அடைத்திருக்கிறது என்று போய்ப் பார்க்கட்டும். இடிபாட்டுக் குவியல் வாரக்கணக்கில் தெருவில் கிடக்கிறது. நாய் கிளறி, ஆட்டோ ஏறி இறங்கி, அது தெருவின் பாதிவரை பரவிவிடுகிறது. ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் அதன் ஓரத்துச் சிமென்ட் தூளும் காரையும் சாம்பல் நிறக் குழம்பாகக் கரைந்து மழைநீர் வடிகாலின் கம்பிச் சல்லடைக்குள் இறங்கும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துக் குனிந்து பார்த்தால், சல்லடைக் கம்பிகளுக்கிடையே அது இறுகிப் பிடித்திருப்பது தெரியும். டைல்ஸ் சில்லுகள் அதில் பதிந்திருக்கும். கம்பியால் குத்தினாலும் லேசில் பெயராது. நம் வரிப்பணத்தில் கட்டிய வடிகாலுக்கு நாமே பூச்சு வேலை செய்து மூடியிருக்கிறோம். நாலு பக்கமும் அடைத்த தொட்டிக்குள் கிடந்தால் இது நடக்காது. தொட்டி நுழையாத சந்துகளுக்குச் சாக்குக் கட்டும் கைவண்டியும் போதும்.

கடைசியாகத் தரம் பற்றிய சந்தேகம். "உடைசலை அரைத்துச் செய்த ஜல்லியை நம்பி யார் கட்டுவார்கள்?" இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கு 2016-லேயே பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு திருத்திய ஐ.எஸ். 383, பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லியை எம்-25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம், தரைக்கு அடியில் போடும் லீன் கான்கிரீட்டில் முழுவதும் சேர்க்க அனுமதிக்கிறது. டெல்லி புராரியில் 2009 முதலே இடிபாட்டை அரைத்து நடைபாதைக் கல்லும் சாலையோரக் கல்லும் செய்கிறார்கள். யாரும் தூணையும் பீமையும் இதில் போடச் சொல்லவில்லை. நடைபாதைக்கும் சாலை அடித்தளத்துக்கும் இதைப் பயன்படுத்தினாலே, காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அந்த அளவு மலை தப்பும். ஒருபுறம் மலையை வெடிவைத்து ஜல்லி எடுப்பதும், மறுபுறம் எடுத்த ஜல்லியை ஏரியில் கொட்டுவதும் ஒரே நகரம் செய்யும் இரண்டு நாசங்கள்.

ஆகவே கேட்பது இதுதான். வீடு கட்டுகிறவர் எஸ்டிமேட்டில் ரப்பிஷுக்கு ஒரு வரி எழுதட்டும். நடைக்குக் கூலி பேசாமல், நிலையத்தின் எடைச்சீட்டு கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கட்டும். அன்று முதல் ஓட்டுநருக்கு ஆதாயம் கால்வாய்க் கரையில் இருக்காது, எடைமேடையில் இருக்கும். 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் தமிழக அரசு சுயசான்றின் பேரில் உடனே அனுமதி தருகிறது. அந்தப் படிவத்திலேயே எத்தனை டன் இடிபாடு வரும், எங்கே போகும் என்று இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். எடைச்சீட்டு காட்டாதவருக்கு நிரந்தர மின் இணைப்பு தரக் கூடாது. அரசு தன் சாலைக்கும் நடைபாதைக்கும் அரைத்த ஜல்லியை வாங்கியே தீர வேண்டும். வாங்குவோர் இல்லாத நிலையம் எத்தனை டன் திறனில் இருந்தாலும் குவியல் மேடாகத்தான் முடியும்.

"பள்ளத்துல போட்டுருவாங்க" என்ற பதிலை இனி ஒரு வீட்டுக்காரரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. எந்தப் பள்ளம், அது யாருடையது, அங்கே மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டால், காண்ட்ராக்டரால் பெயர் சொல்லிக் காட்ட முடிகிற ஒரு காலிப் பள்ளம்கூட இந்த ஊரில் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.